இருபது மணிச் சட்டம்: எண்ணாமல் பார்க்கப் பழக்கும் கருவி

இரண்டு கம்பிகள், கம்பிக்குப் பத்து மணிகள், ஒவ்வொரு கம்பியிலும் முதல் ஐந்து சிவப்பு, அடுத்த ஐந்து வெள்ளை. இருபது மணிச் சட்டத்தில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. எண்ணுருக்கள் அச்சிடப்பட்டிருக்காது, ஒலி எழுப்பாது, மின்கலமும் வேண்டாம். பல வண்ணங்களில் நூறு மணிகள் கோத்த சட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் வாங்க வருபவர் இதைத் திரும்பிப் பார்ப்பதுகூட அரிது. ஆனாலும் இருபதுக்கு உட்பட்ட எண்களை ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்க நான் கையாண்ட துணைக்கருவிகளுள் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். அந்த மதிப்பீட்டுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. குழந்தை எண்ணக் கற்ற பிறகே இது அதன் கைக்கு வர வேண்டும். கைக்கு வந்த பிறகு இதிலுள்ள மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க விடக் கூடாது. இரண்டாவது நிபந்தனை விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கருவியின் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராய்டெந்தால் நிறுவனத்தில் கணிதக் கல்வி ஆய்வாளராக இருந்த ஆட்ரியான் டிரெஃபர்ஸ் இதை வடிவமைத்தார். ரேகன்ரெக் என்ற டச்சுப் பெயரிலேயே பிற நாடுகளிலும் இது விற்பனையாகிறது. பார்வைக்கு அபாகஸ் போல இருந்தாலும் வேலை செய்யும் முறையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஜப்பானிய அபாகஸான சொரொபானில் மேல்பகுதியில் உள்ள ஒற்றை மணி ஐந்தின் மதிப்பைத் தாங்குகிறது, ஒவ்வொரு கம்பியும் ஓர் இட மதிப்பைக் குறிக்கிறது; ஆகவே ஐந்து என்றால் எவ்வளவு, பத்து என்றால் எவ்வளவு என்பது ஏற்கெனவே மனத்தில் பதிந்தவருக்குத்தான் அது பயன்படும். இருபது மணிச் சட்டத்தில் எந்தக் கம்பியில் இருந்தாலும் ஒரு மணி ஒன்றை மட்டுமே குறிக்கும். ஐந்து என்பது ஐந்து மணிகளாகவே கண்முன் நிற்கும். கற்கத் தொடங்கும் குழந்தைக்கு இந்த நேரடியான உறவு மிகவும் தேவை.

மூன்று அல்லது நான்கு பொருள்களைப் பார்த்ததும் எண்ணாமலே எத்தனை என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு மேல் போனால் கண்ணால் மட்டும் முடிவதில்லை. ஒரே நிறத்தில் ஒரே வரிசையில் ஏழு மணிகளை வைத்தால் பெரியவர்களும் எண்ணியோ, மனத்துக்குள் பிரித்துப் பார்த்தோதான் விடை சொல்ல வேண்டும். சிவப்பும் வெள்ளையும் ஐந்தில் மாறுவது இந்த எல்லையைக் கடப்பதற்காகத்தான். ஏழு மணிகளைத் தள்ளினால் சிவப்பு முழுவதும் வந்து, வெள்ளையில் இரண்டு வருகின்றன. சிவப்பு முழுவதும் வந்தால் ஐந்து என்பதைக் குழந்தை சில நாள்களில் உறுதியாக அறிந்துகொள்கிறது. இரண்டை அறிய எண்ண வேண்டியதில்லை. எனவே ஏழு என்பது ஐந்தும் இரண்டுமாக ஒரே பார்வையில் தெரிகிறது. ஒன்பதைத் தள்ளும்போது இன்னொன்றும் நடக்கிறது. மறுகோடியில் ஒரே ஒரு வெள்ளை மணி தனித்து நிற்பதால், ஒன்பது என்பது பத்துக்கு ஒன்று குறைவு என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துவிடுகிறது. குழந்தையின் இரண்டு கைகளிலும் இதே அமைப்புதான் உள்ளது என்பதால், விரல்களைக் காட்டி எண் சொல்லப் பழகிய குழந்தை சட்டத்தோடு விரைவில் ஒன்றிவிடுகிறது. விரல் விட்டு எண்ணுவதைக் குறையாகக் கருதித் தடுக்கும் வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. ஐந்தையும் பத்தையும் குழந்தை முதலில் சந்திக்கும் இடம் அதன் கைகள்தான்.

கூட்டலுக்கு வரும்போது இந்தக் கருவியின் அருமை முழுமையாக விளங்குகிறது. ஆறும் ஏழும் எத்தனை என்று கேட்டு உதிரிப் பொருள்களைக் கொடுத்தால், குழந்தை முதலில் ஆறை எண்ணி வைக்கிறது, பிறகு ஏழை எண்ணி வைக்கிறது, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்ணுகிறது. மூன்று முறை எண்ணும்போது எங்காவது ஒன்று தவறினாலும் விடை தவறிவிடும். சரியாக வந்தாலும் அடுத்த முறை அதே கணக்கைக் கேட்டால் குழந்தை மீண்டும் தொடக்கத்திலிருந்தே எண்ணும், ஏனென்றால் எண்களுக்கிடையே உள்ள எந்த உறவையும் அது கவனித்திருக்காது. சட்டத்தில் மேல் கம்பியில் ஆறு, கீழ்க் கம்பியில் ஏழு என்று தள்ளிப் பாருங்கள். இரண்டு சிவப்பு ஐந்துகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமர்ந்து பத்தாகின்றன, வெள்ளையில் மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று மிஞ்சுகின்றன, பதின்மூன்று. இன்னொரு குழந்தை இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒரே நீளம் என்று கவனித்து, ஆறும் ஆறும் பன்னிரண்டு, கீழே ஒன்று கூடுதல், எனவே பதின்மூன்று என்கிறது. வேறொரு குழந்தை மேல் கம்பியில் மீதமுள்ள நான்கையும் தள்ளிப் பத்தாக்கி, அதற்கு ஈடாகக் கீழ்க் கம்பியில் நான்கைத் திருப்பி அனுப்பி, பத்தும் மூன்றும் என்று படிக்கிறது. மூன்று வழிகளும் சரியானவை, மூன்றும் மனக்கணக்குக்கு அடித்தளமானவை. விடையைக் கேட்டதோடு நிறுத்தாமல் “நீ எப்படிப் பார்த்தாய்?” என்று கேட்டு, ஒவ்வொரு குழந்தையின் பதிலையும் மற்றவர்கள் கேட்கும்படி சொல்லவைப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அந்த ஒரு கேள்வியைக் கேட்காவிட்டால் இந்தச் சட்டம் மரமும் மணியும் மட்டுமே.

கழித்தலிலும் இப்படித்தான். மேல் கம்பியில் பத்து, கீழே இரண்டு என்று பன்னிரண்டை வைத்து ஐந்தை எடுக்கச் சொன்னால், குழந்தை கீழே உள்ள இரண்டை எடுத்துவிட்டு, மேலே மூன்று வெள்ளைகளை எடுக்கிறது. எஞ்சுவது ஐந்து சிவப்பும் இரண்டு வெள்ளையும். பத்தைத் தாண்டிக் கழிக்கும் கணக்குகளில்தான் முதலாம் வகுப்புக் குழந்தைகள் அதிகம் திணறுகிறார்கள். பத்தில் ஒருமுறை நின்று பிறகு இறங்கும் வழியைச் சட்டம் இயல்பாகவே காட்டிவிடுவதால், அதை விதியாக மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை வருவதில்லை.

இவ்வளவு பயனும் தள்ளும் முறையைப் பொறுத்தது. எல்லா மணிகளும் வலக்கோடியில் இருக்கத் தொடங்கி, கேட்ட எண்ணை ஒரே தள்ளலில் இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மணியாகத் தட்டித் தட்டி நகர்த்தினால் சட்டம் வெறும் எண்ணும் மணிகளாகச் சுருங்கிவிடும். தொடக்கத்தில் குழந்தைகள் அப்படித்தான் செய்வார்கள், அதில் தவறில்லை. ஐந்து வரை ஒரே தள்ளலில் வருவது பழகியதும், ஆறை “ஐந்தும் ஒன்றும்” என்று இரண்டு தள்ளலில் கொண்டுவரச் சொல்லி, பிறகு ஒரே தள்ளலுக்கு மாற்றலாம். இன்னொரு பயிற்சியையும் விரும்பிப் பரிந்துரைப்பேன்: ஆசிரியர் ஓர் எண்ணைத் தள்ளி, சட்டத்தை இரண்டு நொடி காட்டி, துணியால் மூடிவிட்டு எத்தனை பார்த்தாய் என்று கேட்பது. எண்ண நேரமில்லாததால் குழந்தை அமைப்பைப் பார்க்கப் பழகுகிறது. அது தவறாகச் சொன்னாலும் ஏன் அப்படிச் சொன்னது என்பதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். எட்டை ஒன்பது என்று சொல்லும் குழந்தை பெரும்பாலும் ஐந்தைச் சரியாகவே பார்த்து, வெள்ளையில்தான் தடுமாறியிருக்கும்.

இனி முதல் நிபந்தனைக்கு வருகிறேன். ஒன்று முதல் இருபது வரை தடையின்றிச் சொல்லும் குழந்தைக்கு எண் தெரியும் என்று பெற்றோர் மகிழ்வது இயல்பு. ஆனால் சொல்வதும் எண்ணுவதும் வேறு, எண்ணுவதும் எவ்வளவு என்று அறிவதும் வேறு. உளவியலாளர்களான ரோஷெல் கெல்மனும் காலிஸ்டலும் 1978 இல் எண்ணுதலின் கொள்கைகளை வகுத்தபோது, எண் பெயர்களை மாறா வரிசையில் சொல்லுதல், ஒரு பொருளுக்கு ஒரு பெயர் மட்டும் கொடுத்தல், கடைசியாகச் சொன்ன பெயரே மொத்தத்தின் அளவு என்று அறிதல், எந்த வகைப் பொருளையும் எண்ணலாம் என்று உணர்தல், எந்தப் பொருளிலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது என்று உணர்தல் என்று ஐந்தாகப் பிரித்தார்கள். இவற்றுள் மூன்றாவதுதான் கடினமானது. கேரன் வின் 1990 இல் வெளியிட்ட ஆய்வில், பொருள்களை எண்ணத் தெரிந்த சின்னஞ்சிறு குழந்தைகளிடம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொம்மைகளைக் கேட்டபோது, அவர்களுள் பலர் எண்ணிப் பார்க்காமல் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் உள்ள குழந்தைக்கு இருபது மணிச் சட்டம் எதையும் கற்றுத்தராது. கம்பியில் கோத்த மணிகளைப் பிரிக்க முடியாது, கொடுக்க முடியாது, வேறு ஒன்றோடு இணைசேர்க்க முடியாது. தட்டுக்கு ஒரு கரண்டி, நாற்காலிக்கு ஒரு பொம்மை என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதும், “எனக்கு நான்கு கொடு” என்று கேட்டு வாங்குவதும், அதே நான்கைப் பரப்பி வைத்தாலும் குவித்து வைத்தாலும் நான்குதான் என்று கண்டுகொள்வதும் உதிரிப் பொருள்களோடு மட்டுமே நடக்கும். ஐந்து பொருள்களை ஐயமின்றி எடுத்துக் கொடுக்கும் குழந்தையே சட்டத்துக்குத் தயாரான குழந்தை. விளம்பரங்களில் வயது மூன்றிலிருந்தே என்று போட்டிருந்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பூச்சியத்துக்கும் இது ஏற்ற கருவி அல்ல. ஒன்றும் தள்ளாத நிலையில் இருபது மணிகளும் கண்ணுக்குத் தெரியும்போது, இது பூச்சியம் என்று சொன்னால் குழந்தை குழம்புவது நியாயம். மாண்டிசோரி வகுப்புகளில் உள்ள கதிர்ப் பெட்டி இதை அழகாகக் கற்பிக்கிறது: 0 முதல் 9 வரை எழுதிய அறைகள், மொத்தம் 45 குச்சிகள், எல்லா அறைகளையும் சரியாக நிரப்பிய பிறகும் 0 என்ற அறை காலியாகவே இருக்கும். சட்டம் வைத்திருப்பவர்களும் பூச்சியத்தை அப்படியொரு காலியான இடத்தைக் கொண்டே அறிமுகப்படுத்த வேண்டும்.

கியூசெனேர் குச்சிகளோடு இதை ஒப்பிட்டுப் பலர் கேட்கிறார்கள். பெல்ஜியப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கியூசெனேர் உருவாக்கிய அந்தக் குச்சிகள் 1 செ.மீ. வெள்ளையில் தொடங்கி 10 செ.மீ. ஆரஞ்சு வரை நீளத்துக்கு ஒரு நிறம் கொண்டவை. அங்கே எண் என்பது நீளம். மூன்றையும் நான்கையும் முனையோடு முனை வைத்து ஏழின் பக்கத்தில் பொருத்திப் பார்ப்பது கண்ணுக்கும் கைக்கும் நிறைவு தரும் அனுபவம். ஆனால் ஏழு என்ற கறுப்புக் குச்சிக்குள் ஏழு ஒன்றுகள் தெரிவதில்லை. ஒன்றுகளை இன்னும் பார்க்க வேண்டியிருக்கும் குழந்தைக்குச் சட்டம் பொருத்தம். ஒன்றுகளை விட்டு விலகி எண்களுக்கிடையிலான உறவை மட்டும் ஆராயும் நிலைக்கு வந்த குழந்தைக்குக் குச்சிகள் பொருத்தம். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் முதலாம் வகுப்புக்குச் சட்டத்தையே தேர்ந்தெடுப்பேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு, இவற்றில்தான் தயாரிப்புகள் பெரிதும் வேறுபடுகின்றன. முதலாவது, நிறம் ஐந்தில் மாறுகிறதா என்பது. ஒரு கம்பி முழுவதும் ஒரே நிறமாக இருந்தாலோ, மணிக்கு ஒரு நிறமாக இருந்தாலோ அது பார்க்க அழகாக இருக்கும், இந்தப் பணிக்கு உதவாது. சிவப்பு, பச்சை என்ற இணையைத் தவிர்ப்பது நல்லது. அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பார்வை கொண்ட பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். இரண்டாவது, மணி கம்பியில் ஓடும் விதம். மிகவும் தளர்வாக இருந்தால் சட்டத்தைச் சற்றே சாய்த்ததும் தள்ளிய மணிகள் திரும்பி ஓடிவிடும். நான் பயன்படுத்தியவற்றுள் மெல்லிய உலோகக் கம்பி கொண்ட ஒன்று இதனாலேயே கையில் தூக்கிக் காட்டப் பயன்படாமல் போனது. மிகவும் இறுக்கமாக இருந்தால் பிஞ்சு விரல்களால் ஏழு மணிகளை ஒரே தள்ளலில் நகர்த்த முடியாது. மூன்றாவது, சில சட்டங்களில் வலப்பக்கம் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். தள்ளாத மணிகள் அதன் பின்னால் மறைந்துகொள்ளும். தொடக்க நாள்களில் எந்த மணிகளைப் படிக்க வேண்டும் என்ற குழப்பம் இதனால் நீங்குகிறது. ஆனால் ஏழும் மூன்றும், எட்டும் இரண்டும் என்று பத்தாகும் சோடிகளைக் கற்பிக்கும்போது மீதி மணிகள் தெரிந்தே ஆக வேண்டும். ஆகவே பலகையைக் கழற்ற முடிகிற வடிவத்தைத் தேடி வாங்குவது சிறந்தது.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் மணியின் அளவையும் பாருங்கள். அந்த வயதினருக்கான விளையாட்டுப் பொருள்களின் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ.; இந்தச் சட்டங்களின் மணிகள் பொதுவாக அதைவிடச் சிறியவை. சட்டம் உடைந்து மணிகள் உதிர்ந்தால் அவை தொண்டையை அடைக்கும் அளவில்தான் இருக்கும்.

வகுப்பறைக்கு ஒரு பெரிய சட்டமும், இரண்டு குழந்தைகளுக்கு ஒன்று வீதம் சிறிய சட்டங்களும் வேண்டும். பெரிய சட்டத்தை ஆசிரியர் தமக்கு நேராக வைத்து மணிகளைத் தள்ளினால், எதிரே அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். அதனால் சட்டத்தைக் குழந்தைகளின் பக்கம் திருப்பி, பின்னாலிருந்து கையை நீட்டி, அவர்களுக்கு இடப்பக்கமாகத் தள்ளப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தையோடு தனியாக அமரும்போது அதன் எதிரில் அமராமல் பக்கத்தில் அமர வேண்டும். இதைச் சிறிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். திரையில் இயங்கும் இலவச வடிவங்களும் கிடைக்கின்றன, பெரிய சட்டம் இல்லாத வகுப்பில் எல்லோருக்கும் காட்ட அவை உதவும். கையால் தள்ளும்போது ஐந்தின் எடையையும் நீளத்தையும் விரல் உணர்வதற்கு அவை ஈடாகா.

வாங்க வாய்ப்பில்லாதவர்கள் தடித்த அட்டையில் இரண்டு கயிறுகளைக் கட்டி, இரு நிற மணிகளை ஐந்தைந்தாகக் கோத்து ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். கயிறு சற்றுத் தடிமனாக இருந்தால் மணி நின்ற இடத்திலேயே நிற்கும், அந்த வகையில் இது சில கடைச் சட்டங்களைவிடவும் மேல். அட்டைதான் விரைவில் வளைந்துவிடுகிறது. மெல்லிய மரப்பலகை கிடைத்தால் பல ஆண்டுகள் தாங்கும்.

சட்டத்தில் எண்ணுருக்கள் இல்லை என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எண்ணுருவைப் படித்து விடை சொல்லும் வாய்ப்பு இல்லாததால்தான் குழந்தை அளவைப் பார்க்கிறது என்பதால், நான் இதை நிறைவாகவே கருதுகிறேன். ஆனால் 7 என்ற குறியோடு அந்த அளவை இணைக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். எண் அட்டையைக் காட்டி மணிகளைத் தள்ளவைப்பதும், தள்ளிய மணிகளுக்கு அட்டையைத் தேடி எடுக்கச் செய்வதும் தொடக்கம் முதலே உடன் நடக்கட்டும். எண்களின் வரிசையையும் அவற்றுக்கிடையே உள்ள தொலைவையும் சட்டம் போதிய அளவு காட்டுவதில்லை. அதற்கு 1 முதல் 10 வரை நேர்வரிசையில் கட்டங்கள் எழுதிய எளிய பலகை விளையாட்டு பக்கத்தில் இருக்க வேண்டும். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த முன்பள்ளிக் குழந்தைகள் இத்தகைய எண் பலகையில் சில முறை விளையாடியதாலேயே எண்களை ஒப்பிடுவதிலும் எண்கோட்டில் இடம் காட்டுவதிலும் முன்னேறினார்கள். எண்களுக்குப் பதிலாக நிறங்கள் மட்டும் உள்ள பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை.

குழந்தை எப்போதும் சட்டத்தைத் தொட்டே விடை சொல்லும் நிலை நீடிக்கவும் கூடாது. முதலில் கையால் தள்ளுகிறது, பிறகு சட்டத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளாமல் சொல்கிறது, அதன் பின் அட்டையில் வரைந்த மணிகளைப் பார்த்துச் சொல்கிறது, கடைசியில் சட்டத்தை மூடிவைத்து, “எட்டும் ஐந்தும் தள்ளினால் எப்படித் தெரியும்?” என்று கேட்டால் கண்ணை மூடி விவரிக்கிறது. எட்டோடு இரண்டு சேர்த்து மேல் கம்பி நிறைந்துவிடும், கீழே மூன்று இருக்கும் என்று ஒரு குழந்தை சொல்லிவிட்டால், அந்தக் கணக்குக்கு அதன் கையில் இனிச் சட்டத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. இருபதைத் தாண்டிச் செல்லும்போது இதே அமைப்பில் பத்துக் கம்பிகள் கொண்ட நூறு மணிச் சட்டம் கிடைக்கிறது; முதல் ஐந்து கம்பிகளுக்குப் பிறகு சிவப்பும் வெள்ளையும் இடம் மாறியிருப்பதால் ஐம்பதும் ஒரே பார்வையில் தெரியும். நிறம் அப்படி இடம் மாறாத நூறு மணிச் சட்டத்தை வாங்க வேண்டாம். அதில் அறுபதையும் எழுபதையும் பார்த்துப் பிரித்தறிய முடியாமல் குழந்தை மீண்டும் கம்பிகளை எண்ணத் தொடங்கிவிடும்.